மான்செஸ்டர் யுனைடெட்டின் வீழ்ச்சியை ஒரு ரசிகர் எப்படி ஏற்றுக்கொள்வது?

கேள்வி: 2008 மாஸ்கோ சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைக் கல்லூரி விடுதியில் கண்விழித்துப் பார்த்து மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன் ஆனவன் நான். அணி 15-ஆம் இடத்தில் முடித்த பிறகும் 'அடுத்த சீசன் எல்லாம் சரியாகிவிடும்' என்றே மனம் சொல்கிறது. லிவர்பூல் ரசிகரான நண்பர் விடாமல் கேலி செய்கிறார். என் பத்து வயது மகன் மான்செஸ்டர் சிட்டி சட்டைதான் வேண்டும் என்கிறான். இந்த அணி இனி அந்தப் பழைய அணி இல்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? ஏற்றுக்கொண்டால் அப்புறம் ரசிகன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

பதில்:

எதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். புள்ளிப் பட்டியலை யாராலும் மறுக்க முடியாது. 2012-13 சீசனில் 89 புள்ளிகளோடு, இரண்டாம் இடத்தைவிட 11 புள்ளிகள் முன்னால் நின்று பட்டம் வென்ற அணி, 2024-25-இல் எடுத்தது 42 புள்ளிகள். 38 ஆட்டங்களில் 18 தோல்வி. 1974-இல் இரண்டாம் டிவிஷனுக்கு, அதாவது லீக்கின் அடுத்த கீழ் அடுக்குக்கு, இறங்கியதற்குப் பிறகு இவ்வளவு கீழே முடித்ததே இல்லை. அடுத்த சீசன் தொடங்கிய சூட்டிலேயே, நான்காம் அடுக்கில் ஆடும் கிரிம்ஸ்பி டவுனிடம் லீக் கோப்பையில் பெனால்டி முறையில் தோற்று வெளியேறியது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் மனம் ஏற்கவில்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது. 'நம்முடைய இடம் முதலிடம், ஏதோ கெட்ட நேரத்தில் இறங்கியிருக்கிறோம்' என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது பாருங்கள், அதுதான் தடை. நீங்கள் கைவிட வேண்டியது அந்த நினைப்பை மட்டும்தான். அணியைக் கைவிட வேண்டாம்.

யுனைடெட் வென்ற 20 லீக் பட்டங்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எர்னஸ்ட் மேங்னல் காலத்தில் 2 (1908, 1911). மேட் பஸ்பி காலத்தில் 5 (1952, 1956, 1957, 1965, 1967). அலெக்ஸ் ஃபெர்குசன் காலத்தில் 13, 1993 முதல் 2013 வரை. அவ்வளவுதான், நான்காவது பெயரே கிடையாது. இத்தனை பெரிய கிளப்பின் வரலாற்றில் மூன்றே மூன்று மேனேஜர்கள்தான் லீக் பட்டம் வென்றிருக்கிறார்கள்.

நடுவில் இருந்த இடைவெளிகளையும் பாருங்கள். 1911-இலிருந்து 1952 வரை 41 ஆண்டுகள். அதில் பல சீசன்கள் இரண்டாம் டிவிஷனில் கழிந்தன. 1931-இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூட வழியில்லாமல் கிளப் முழுகும் நிலைக்கு வந்தது. ஜேம்ஸ் கிப்சன் என்ற ஆடை உற்பத்தியாளர் சொந்தப் பணத்தைப் போட்டுக் காப்பாற்றினார். 1934-இல் கடைசி ஆட்டத்தில் மில்வாலை அவர்கள் மைதானத்திலேயே வென்றதால்தான் மூன்றாம் டிவிஷனுக்குப் போகாமல் தப்பித்தது. பஸ்பியின் கடைசிப் பட்டத்துக்கும் ஃபெர்குசனின் முதல் பட்டத்துக்கும் நடுவே 26 ஆண்டுகள். நீங்களும் உங்கள் தலைமுறையும் யுனைடெட்டைப் பார்க்கத் தொடங்கியது அந்த நீண்ட வரலாற்றின் மிக உயரமான இடத்தில். அங்கேயே கண்விழித்ததால் அதுதான் தரை என்று நினைத்துவிட்டீர்கள். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இங்கே கேபிள் டிவியில் இங்கிலீஷ் கால்பந்து வந்த காலமும் ஃபெர்குசன் ஜெயித்துக்கொண்டே இருந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டன.

அடுத்தது, வீழ்ச்சி எப்போது தொடங்கியது என்பது. பெரும்பாலான ரசிகர்கள் 2013 என்பார்கள். ஃபெர்குசன் போனார், எல்லாம் போச்சு என்பது அவர்கள் கணக்கு. நான் 2005 என்பேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்த ஒரு விஷயம் மனதில் தெளிவானால் உங்கள் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு இந்தக் கிளப்பை வாங்கியது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடன். வாங்கியவர்கள் அந்தக் கடனைத் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளாமல், 50 கோடி பவுண்டுக்கு மேல் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதுவரை கடனில்லாமல் நடந்துவந்த கிளப், தன்னை வாங்கியவர்களுடைய கடனுக்குத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. இன்றுவரை வட்டி, கடன் செலவு, ஈவுத்தொகை என்று வெளியே போன பணம் 100 கோடி பவுண்டுக்கு மேல். மான்செஸ்டரில் இருந்த ரசிகர்களுக்கு இது அன்றைக்கே புரிந்தது. சிலர் கிளப்பையே விட்டு விலகி, எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். 2010-இல் மைதானம் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகக் கழுத்துத் துண்டுகள் தெரிந்தன. நியூட்டன் ஹீத் என்ற பெயரில் கிளப் தொடங்கிய காலத்து நிறம் அது. மிலான் அணிக்காக ஆட வந்த பழைய யுனைடெட் வீரர் டேவிட் பெக்கம்கூட ஆட்டம் முடிந்து வெளியேறும்போது அந்தத் துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. 2007, 2008, 2009, 2011, 2013 என்று பட்டங்கள் வந்தன. ஜெயிக்கும்போது யாருக்குக் கணக்குப் புத்தகம் பார்க்கத் தோன்றும்? செல்லரித்த உத்தரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார் ஃபெர்குசன். நாம் கீழே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கண்ணுக்கு நேரே தெரிந்த அடையாளங்கள் எவ்வளவோ உண்டு. 2009-இல் ரொனால்டோவை 8 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட் வாங்கியது. டெவெஸும் போனார். வந்தவர்கள் விகனிலிருந்து வலென்சியா, பிரான்சிலிருந்து ஒபர்தான், அப்புறம் ஒப்பந்தம் முடிந்து சும்மா கிடைத்த மைக்கேல் ஓவன். ரொனால்டோவின் 7-ஆம் எண் சட்டை ஓவனுக்குப் போனது. 2011-இல் ஓய்வு பெற்ற பால் ஸ்கோல்ஸை 2012 ஜனவரியில், 37 வயதில், திரும்பக் கூப்பிட்டார்கள். நடுக்களத்தில் ஆளில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதே ஆண்டு கோடையில் போக்பா என்ற பையன் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று யுவென்டஸுக்குப் போனான். நான்கு ஆண்டுகள் கழித்து அவனையே 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 2022-இல் அவன் இரண்டாவது முறையும் சும்மாவே வெளியேறினான்.

கடைசிப் பட்டம் உறுதியான ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 2013 ஏப்ரல் 22, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 3-0. ரூனி தன் பாதியிலிருந்து தூக்கிப் போட்ட பந்து வான் பெர்சியின் தோளுக்கு மேலாக இறங்கி வருகிறது. தரையில் விழவிடாமல் பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து இடது காலால் ஒரே அடி. பிரீமியர் லீக்கின் மிக அழகான கோல்களில் ஒன்று என்று இன்றைக்கும் சொல்வேன். 33 நிமிடத்தில் ஹாட்ரிக். அந்த சீசன் அணியில் யார் யார் இருந்தார்கள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்த இரவு முதல் கோலுக்குப் பந்து தந்த கிக்ஸுக்கு 39 வயது. பின்களத்தின் தூண்களான ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். அந்த சீசனில் 26 லீக் கோல் அடித்த வான் பெர்சி முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார், பழைய காயங்கள் வேறு. இந்த அணியை வைத்து 11 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது ஒரு மனிதனின் மேதைமை. இதை இன்னும் அழுத்திச் சொல்லக்கூட எனக்குத் தயக்கமில்லை. 1999-இல் மூன்று கோப்பை வென்றதைவிட 2013-இல் இந்த அணியோடு வென்றதுதான் ஃபெர்குசனின் மிகப் பெரிய சாதனை.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள், மேனேஜர் மட்டும் டேவிட் மொய்ஸ், புள்ளிகள் 89-லிருந்து 64. 1978-க்குப் பிறகு முதல்முறையாக வெஸ்ட் ப்ரோம் அணி யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் ஜெயித்தது. 1992-க்குப் பிறகு எவர்ட்டன். 1972-க்குப் பிறகு நியூகாசில். பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹாமுக்கு எதிராக ஓரத்திலிருந்து 80-க்கும் மேற்பட்ட கிராஸ்களைப் பெட்டிக்குள் போட்டு 2-2 என்று முடித்தார்கள். ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்து அழைத்து வந்தவரைப் பத்து மாதத்தில் அனுப்பினார்கள். ரசிகர்கள் விமானத்தில் பதாகை கட்டிப் பறக்கவிட்டது நினைவிருக்கலாம். மொய்ஸ் மீது எனக்கு இரக்கம் உண்டு. அவர் அந்த இடத்துக்கு ஏற்றவர் இல்லை என்பது உண்மை. ஆனால் ஃபெர்குசனோடு அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போய்விட்டார். வீரர்களை வாங்கிப் பழக்கமில்லாத, வங்கித் துறையிலிருந்து வந்த எட் உட்வர்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கால்பந்துத் துறை இயக்குநர் என்று ஒருவரை அந்தக் கிளப் நியமித்ததே 2021 மார்ச்சில்தான். எட்டு ஆண்டுகள், கோடிக் கணக்கான பவுண்டு செலவு, அதை முழுநேரமாகப் பார்த்துக்கொள்ள ஒரு கால்பந்து ஆள் கிடையாது.

மேனேஜர் மாறும்போதெல்லாம் ரசனையும் மாறியது. வான் கால் பந்தை வைத்துக்கொண்டே இருக்கும் ஆட்டம் கேட்டார். மொரினியோ உயரமும் பலமும் உள்ளவர்களைக் கேட்டார். சோல்ஷார் வேகமாக எதிர்த்தாக்குதல் நடத்துகிறவர்களைக் கேட்டார். டென் ஹாக் தன் பழைய அயாக்ஸ் பையன்களைக் கேட்டார். அமோரிம் வந்தபோது, நான்கு பேர் பின்களத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த அணியிடம் மூன்று பேர் பின்களம் ஆடச் சொன்னார். டி மரியாவுக்கு ஏறத்தாழ 6 கோடி பவுண்டு கொடுத்து ஒரே சீசனில் விற்றார்கள். மக்வாயருக்கு 8 கோடி, சாஞ்சோவுக்கு 7 கோடிக்கு மேல், ஆன்டனிக்கு 8 கோடிக்கு மேல். இன்னொரு பக்கம், தன் இளைஞர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த மெக்டாமினேயைச் சுமார் 2.5 கோடிக்கு நாப்போலிக்குக் கொடுத்தது கிளப். அவர் போன முதல் சீசனிலேயே அந்த அணி இத்தாலியப் பட்டம் வென்றது, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. இதைப் படிக்கும்போது உங்களுக்கு வயிறு எரியும். எனக்கும் எரிகிறது.

இனி, ஏற்காமல் இருப்பதால் வரும் கெடுதலைப் பற்றி. 'இன்னும் ஒரு நல்ல மேனேஜர், இன்னும் ஒரு நல்ல கோல் அடிப்பவர், அவ்வளவுதான் பாக்கி' என்று நம்புவது அப்பாவித்தனமான ஆசையாகத் தோன்றலாம். இந்தக் கிளப்பில் அந்த ஆசை ரொம்ப விலை வாங்கியிருக்கிறது.

2019 மார்ச் 6 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பியன்ஸ் லீக்கில் சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்றுவிட்டுப் பாரிஸுக்குப் போன அணி, முதல்நிலை ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் இல்லாமல், இஞ்சுரி டைமில் ராஷ்போர்டு அடித்த பெனால்டியில் 3-1 என்று ஜெயித்து, மொத்தம் 3-3 ஆனாலும் வெளி மைதானக் கோல் கணக்கில் பாரிஸ் அணியான பி.எஸ்.ஜி.-யை வெளியேற்றியது. உலகம் முழுக்க நம் ஆட்கள் 'வந்துட்டோம்' என்று கூவினார்கள். மூன்றே வாரத்தில், தற்காலிகமாக வந்திருந்த சோல்ஷாருக்கு நிரந்தரப் பதவி. சீசனின் கடைசி நாளில் ஏற்கனவே லீக்கிலிருந்து இறங்கிவிட்ட கார்டிஃபிடம் சொந்த மண்ணில் 0-2 தோல்வி, ஆறாம் இடம். இரண்டரை ஆண்டு கழித்து அதே ஓல்டு டிராஃபோர்டில் லிவர்பூல் முதல் பாதியிலேயே 4-0 என்று நின்றது. இடைவேளையிலேயே மக்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இடைவேளைக்குப் பிறகு இறங்கிய போக்பா பதினைந்து நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். முடிவு 0-5, சலாவுக்கு ஹாட்ரிக்.

2023 பிப்ரவரி 26-இல் நியூகாசிலை வென்று லீக் கோப்பை. மறுபடியும் 'வந்துட்டோம்'. அடுத்த ஞாயிறு லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் 0-7. 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் சிட்டியை 2-1 என்று வென்றது அணி. கோல் அடித்த கர்னாசோ, மைனூ இருவருக்குமே 19 வயது. அருமையான மதியம் அது. ஆனால் அந்த சீசனில் லீக்கில் எட்டாம் இடம், அடித்த கோல்களைவிட வாங்கிய கோல்கள் அதிகம். ஒரு நாள் ஆட்டத்தை நம்பி டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அக்டோபரில் அனுப்பினார்கள். நம்மைப் போன்ற ரசிகர்களின் மறுப்பும் நிர்வாகத்தின் மறுப்பும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்ந்தவை. ஒவ்வொரு புது மேனேஜரும் ரசிகர்களுக்கு இரண்டு ஆண்டு நம்பிக்கையை விற்றுக் கொடுத்தார். அந்த இரண்டு ஆண்டும் உரிமையாளர்கள் மேல் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டது.

ஆகவே ஏற்றுக்கொள்வது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நினைக்காதீர்கள். வீழ்ச்சியை ஒத்துக்கொண்டவருக்குத்தான் கோபம் சரியான விலாசத்துக்குப் போகும். சனிக்கிழமை பந்தைத் தவறவிட்ட இருபது வயதுப் பையனைச் சமூக ஊடகத்தில் திட்டுகிறவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டத்துக்குப் பிறகு பெய்த மழையில் ஓல்டு டிராஃபோர்டின் கூரையிலிருந்து அருவி மாதிரி தண்ணீர் கொட்டியது. பல பத்தாண்டு பராமரிப்பு எங்கே போனது என்று கேளுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் கால்வாசிக்கு மேல் பங்கு வாங்கிக் கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்த ஜிம் ராட்கிளிஃப் தரப்பு, முதல் வேலையாக ஊழியர்களை நூற்றுக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியது. நடு சீசனில் மீதமிருந்த டிக்கெட்டுகளைக் குறைந்தது 66 பவுண்டு என்று ஏற்றி, சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையை எடுத்தது. வட்டிக்குப் போன கோடிகளை விட்டுவிட்டு, சிறுவர்களின் டிக்கெட்டில் கைவைக்கிற கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

சரி, ஏற்றுக்கொண்டால் ரசிகனுக்கு என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். இதற்குப் பதில் 1974-இல் இருக்கிறது. 1968-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளப் ஆறே ஆண்டுகளில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பஸ்பி ஓய்வு பெற்றார், சார்ல்டன் போனார், ஜார்ஜ் பெஸ்ட் விலகினார், டெனிஸ் லா சிட்டிக்குப் போனார். அந்த லாவே 1974 ஏப்ரல் 27-இல் ஓல்டு டிராஃபோர்டில் குதிகாலால் தட்டி யுனைடெட்டுக்கு எதிராகக் கோல் அடித்தார். அடித்தவர் கொண்டாடவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அன்றைய மற்ற முடிவுகளால் அந்தக் கோல் இல்லாவிட்டாலும் யுனைடெட் இறங்கியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த சீசனில் இங்கிலாந்து முழுவதிலும் சராசரியாக அதிகக் கூட்டம் எங்கே கூடியது தெரியுமா? இரண்டாம் டிவிஷனில் ஆடிய யுனைடெட்டின் மைதானத்தில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சராசரியாக 48,000-க்கும் மேல். அவர்கள் எதற்காக வந்தார்கள்? முதலிடம் இல்லை, ஐரோப்பா இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர்களுடைய அணி ஆடுகிறது, அது போதுமானதாக இருந்தது. அந்த சீசனில் பட்டத்தோடு முதல் டிவிஷனுக்குத் திரும்பினார்கள். ஆனால் லீக் பட்டத்துக்கு அதற்குப் பிறகும் 18 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

நமக்கும் அப்படி ஒரு இரவு வந்தது, 2025 ஏப்ரல் 17. லீக்கில் சீரழிந்துகொண்டிருந்த அதே அணி, யூரோப்பா லீக் காலிறுதியில் லியோனோடு ஆடியது. முதல் ஆட்டம் 2-2. சொந்த மைதானத்தில் 2-0 என்று முன்னிலை எடுத்து, அதைத் தொலைத்து 2-2 ஆக்கினார்கள். எதிரணியில் டொலிசோ சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டார். பத்துப் பேரோடு ஆடிய லியோன் எக்ஸ்ட்ரா டைமில் 4-2 என்று முந்தியது. 109-ஆம் நிமிடம் அது. இங்கே மணி இரண்டரையைத் தாண்டிவிட்டது, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் நிறைய. 114-இல் புருனோ பெனால்டி. 120-இல் மைனூ, பெட்டிக்குள் பந்தை நிறுத்தி, திருப்பி, மூலையில் வைத்தான். அடுத்த நிமிடம் காசெமிரோ தூக்கிக் கொடுத்த பந்தை மக்வாயர் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். 5-4. உலகமே கேலி செய்த, மீம் போட்டே தேய்த்த அதே மக்வாயர். அந்த நொடியில் மைதானத்தில் இருந்த யாருக்கும் லீக்கில் எத்தனையாவது இடம் என்பது நினைவில் இருந்திருக்காது.

மே மாதம் பில்பாவோவில் நடந்த இறுதியில் டாட்டன்ஹாமிடம் 0-1 என்று தோற்றோம். லீக்கை 15-ஆவதாகவும் 17-ஆவதாகவும் முடித்த அணிகள் மோதிய இறுதிப் போட்டி அது, ஆட்டமும் அதற்கேற்பத்தான் இருந்தது. அதனால் லியோன் இரவின் மதிப்பு ஒரு துளி குறைந்துவிட்டதா? எனக்குக் குறையவில்லை. 'இது மறுமலர்ச்சியின் தொடக்கமா' என்று கேட்டுக்கொண்டே பார்த்தவர்களுக்குக் குறைந்திருக்கும். இந்தக் கேள்வியோடு ஆட்டம் பார்ப்பதை நிறுத்துங்கள். ஏற்றுக்கொள்வதில் நடைமுறையாகச் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். ஜெயித்தால் அந்த ஆட்டத்தை ஜெயித்தோம், தோற்றால் அந்த ஆட்டத்தைத் தோற்றோம். டிரான்ஸ்ஃபர் வதந்திகளைக் கோடை முழுக்கத் துரத்துவதையும் விட்டுவிடலாம். பெரிய பெயர் வந்ததும் தூக்கிவிட்டது என்று இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு உதாரணம் காட்டுவது கஷ்டம். அதற்குப் பதிலாக அகாடமியைக் கவனியுங்கள். 1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை, யுனைடெட் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அணிப் பட்டியலில் சொந்த அகாடமிப் பையன் ஒருவனாவது இருந்திருக்கிறான். உலகப் போர் நடந்தது, மியூனிக் விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்தார்கள், இரண்டாம் டிவிஷனுக்குப் போனார்கள், அந்தத் தொடர் அறுபடவில்லை. பட்டங்களைவிட எனக்கு இந்தக் கணக்கில்தான் பெருமை அதிகம்.

உங்கள் நண்பர் விஷயம். லிவர்பூல் 1990-இல் 18-ஆவது பட்டம் வென்றது, 19-ஆவது வர 30 ஆண்டு ஆனது. அந்த முப்பது ஆண்டும் 'அடுத்த வருஷம் நமக்குத்தான்' என்று அவர்கள் சொல்வதும் யுனைடெட் ரசிகர்கள் சிரிப்பதும் வாடிக்கை. 2011-இல் நாம் அவர்களைத் தாண்டினோம், 2013-இல் 20 ஆனோம். 2025-இல் அவர்களும் 20. கேலியைக் கேட்டுக்கொள்ளுங்கள், முறை அவர்களுடையது. ஆனால் அவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். 2010-இல் கிளப்பைக் கடனில் தள்ளிய பழைய அமெரிக்க உரிமையாளர்கள் வெளியேற நேர்ந்தது. 2015-இல் வந்த மேனேஜர் கிளாப் லீக் பட்டம் வெல்ல ஐந்தாவது சீசன் வரை ஆனது, நடுவில் யாரும் அவரை அனுப்பவில்லை. யுனைடெட் திரும்புமா என்று கேட்டால், திரும்பலாம் என்பேன். அந்த மாதிரி வேலைகள் நடந்தால் திரும்பலாம், நடக்காவிட்டால் 41 ஆண்டும் ஆகலாம்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். சிட்டி சட்டையை வாங்கிக் கொடுங்கள். பத்து வயதில் நீங்களும் ஜெயிக்கிற அணியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதோடு அவனுக்கு ஒரு ஆட்டத்தைக் காட்டுங்கள். 1999 மே 26-இல் பார்சிலோனாவில் யுனைடெட் இஞ்சுரி டைமில் இரண்டு கோல் அடித்து ஐரோப்பாவை வென்றது. நான்கே நாள் கழித்து, மே 30-இல், வெம்பிளியில் மான்செஸ்டர் சிட்டி ஒரு இறுதிப் போட்டி ஆடியது. மூன்றாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு ஏறுவதற்கான ஆட்டம், எதிரணி கில்லிங்ஹாம். 90 நிமிடம் நெருங்கும்வரை சிட்டி 0-2. ஹார்லாக் ஒன்று அடித்தார். 95-ஆம் நிமிடத்தில் டிக்கோவ் சமன் செய்தார். பெனால்டியில் ஜெயித்தார்கள். அந்த சீசன் முழுக்க, மூன்றாம் அடுக்கு ஆட்டங்களுக்கு, மெயின் ரோடு மைதானத்துக்குச் சராசரியாக 28,000 பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் முக்கியக் காட்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. டிக்கோவின் கோல் வரும் இடத்தில் நிறுத்தி, இவர்கள் அன்றைக்கு எந்த டிவிஷனில் இருந்தார்கள் என்று பையனிடம் கேளுங்கள்.